புனித இன்னுமில்லையார்

காத்திருப்பவர்களில் பலவகை உண்டு, வாசகரே. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பஸ் வந்தால் ஏறிவிடுவார். டாக்டருக்குக் காத்திருப்பவர் பெயரைக் கூப்பிட்டால் எழுந்துவிடுவார். இவர்களெல்லாம் சாதாரண மனிதர்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியும், அது வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். ரோமாபுரியில் இன்னோர் இனம் உண்டு. அது வெளிச்சத்துக்குக் காத்திருக்கும். வெளிச்சம் வரும். வந்ததை ஏற இறங்கப் பார்க்கும். பிறகு, இதைவிட நல்லது ஒன்று பின்னால் வருகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஆகஸ்டு மாதத்தில் தார் ரோடு உருகும்போதும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். மஃப்ளருக்குக் கீழே கயிற்றில் ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லை தொங்கும். அதைக் கண்ணில் வைத்து அடிக்கடி சூரியனை விசாரிப்பார். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார், மேலே என்ன பல்பு என்று பார்ப்பார். பிறகு நம்மை ஜன்னலோரம் உட்காரவைத்து, அது சரியில்லை என்று சுவரோரம் மாற்றி, அங்கிருந்து தூணுக்குப் பக்கத்தில் தள்ளி, மேஜைத் துணியை மடித்து, தண்ணீர்க் குப்பியை நகர்த்தி, தட்டிலிருக்கும் ஸ்பகெத்தி ஆறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு, "இப்போது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போவார். ஆட்களை அவர் பார்ப்பதில்லை. ஆட்கள்மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றுதான் பார்ப்பார். உங்கள் தாயார் இறந்துபோன செய்தியை அவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் மோவாயைப் பிடித்து மெல்ல ஜன்னல் பக்கம் திருப்புவார். நீங்கள் அதை ஆறுதல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி, ஒளிப்பதிவாளர் சவேரியோ பெல்லோமோ.

யாரும் பிறக்கும்போதே மேஸ்ட்ரோவாகப் பிறப்பதில்லை. சவேரியோ பிறந்தது ரோமின் தெஸ்தாச்சோ பேட்டையில், கசாப்புக்கடைக்காரர் மகனாக. மாமா ஒருவர் தயவில் சினெச்சித்தா ஸ்டூடியோவில் காமிராப் பெட்டி தூக்கப் போனார். அந்தக் காலத்தில் அவரைப் போல வேகமாக வேலை செய்தவர் கிடையாது என்று சொல்வார்கள். விளக்கைப் போடுவார், எடுப்பார், சாப்பிடப் போவார். தையல் பகுதியில் வேலை செய்த யோலே என்ற பெண்ணை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தார், அடுத்த மாதமே கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேகமாகச் செய்த காரியம் எதுவும் யோலேக்கு ஞாபகமில்லை.

கெடுத்தது ஒரு ஜெனரேட்டர். ஏழை விதவை ஒருத்தியைப் பற்றி ஒரு படம். கதையிலிருந்த விதவையைவிடத் தயாரிப்பாளர் ஏழை. தலைமை ஒளிப்பதிவாளருக்குப் பொன்னுக்குவீங்கி வந்து படுத்துவிட, சவேரியோவைக் காமிராவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முக்கியமான காட்சியில் ஜெனரேட்டர் இருமிற்று, செத்தது. ஒரே ஒரு விளக்கு மட்டும் அரை உயிரோடு எரிந்தது. கதாநாயகியின் பாதி முகம் இருட்டில் போயிற்று. டைரக்டருக்குப் பசி. எடுத்துத் தொலை என்றார். சவேரியோ எடுத்துத் தொலைத்தார். படம் வெளிவந்தது. பத்திரிகைகளெல்லாம் கூடிப்பேசிக்கொண்டது போல ஒரே வார்த்தையை எழுதின: இருளின் துணிச்சல். சவேரியோ அதைத் தெருமுனைக் காப்பிக்கடையில் நின்றபடி படித்தார், மறுபடி படித்தார், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் மஃப்ளர் வாங்கினார்.

அன்றிலிருந்து அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை அல்ல என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டவர்களிடம் அதைச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்றார். படத்தின் எழுத்துப் பட்டியலில் 'ஒளிப்பதிவு' என்று போட்டால் கோபித்துக்கொண்டார். 'ஒளியின் ஆசிரியர்' என்று போடச் சொன்னார். ஒரு தயாரிப்பாளர், அப்படியானால் சூரியனுக்கு என்ன பட்டம் கொடுப்பது என்று கேட்டுவிட்டார். சவேரியோ யோசித்து, உதவியாளர் என்று போடலாம் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் ஒன்று உண்டு. "இன்னும் இல்லை." இதைக் கேட்டுக் கேட்டுப் படப்பிடிப்புக் குழுவின் வயிறு பழகிவிட்டது. 'இன்னும் இல்லை' என்று மேஸ்ட்ரோ சொன்ன அடுத்த நொடியே மதியச் சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கும். குளிர்ந்த பாஸ்தா, ஒரு துண்டு இறைச்சி, ஒரு ரொட்டி, ஓர் ஆரஞ்சு. ஒரு போர்ப் படத்தில் குதிரைகளோடு நூற்றுக்கணக்கான வீரர்கள் நின்றார்கள். மேகம் வந்தது, சூரியன் வேண்டும் என்றார். சூரியன் வந்தது, போன மேகம்தான் நன்றாக இருந்தது என்றார். ஒரு குதிரை நின்றபடியே தூங்கி, தன்மேல் இருந்த தளபதியைக் கீழே போட்டது. லைட்மேன்களின் தலைவர் நெல்லோ, தொப்பை பெருத்த ரோமாக்காரர், முப்பது வருடமாக மேஸ்ட்ரோவோடு இருப்பவர், பக்கத்தில் வந்து காதில் சொன்னார்:

"மேகம் போயிடுச்சு, சூரியன் வந்துடுச்சு, ஊர்லேருந்து என் பொண்டாட்டிகூட வந்துட்டா மேஸ்ட்ரோ. எடுத்துடலாமா?"

"இன்னும் இல்ல."

ஊருக்கு ஊர் ஒரு புனித அந்தோனியார், ஒரு புனித சூசையப்பர் இருப்பதுபோல, அந்தக் குழு தனக்கென்று ஒரு புனிதரை வைத்துக்கொண்டது. புனித இன்னுமில்லையார். தினமும் காலையில் வேனில் ஏறியதும், "இன்னுமில்லையாரே, இன்னைக்காவது பொழுதோட வீட்டுக்கு அனுப்பும்" என்று நெல்லோ சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நாடகமோ சினிமாவோ, அந்தத் தொழிலில் இருக்கும் இத்தாலியருக்கு ஊதா நிறம் ஆகாது. பழைய காலத்தில் தவக்காலம் வந்தால் சாமியார்கள் ஊதா அங்கி போடுவார்கள், கூத்துக் கொட்டகைகளை மூடுவார்கள், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். பட்டினி போய்விட்டது, பயம் மட்டும் நின்றுவிட்டது. ஒரு தயாரிப்பாளர் தெரியாமல் ஊதாக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தபோது நெல்லோ வணக்கம் சொல்லிவிட்டு அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கெட்ட சகுனம் எதைக் கண்டாலும் இரும்பைத் தொட வேண்டும். இரும்பு கைக்கு எட்டாத ஆண்கள் வேறொன்றைத் தொட்டுக்கொள்வார்கள். அதை இங்கே எழுத வேண்டாம்.

காத்திருப்பதற்கு ஊர் மரியாதை செய்தது. விருதுகள் வந்தன. வாழ்நாள் சாதனைக்காக ஒரு விழா எடுத்தபோது, மேடை விளக்கு கீழேயிருந்து அடிக்கிறது, அது தன் தாடையைக் கொலைகாரன் தாடையாகக் காட்டும் என்று சொல்லி மேஸ்ட்ரோ படியில் நின்றுவிட்டார். விளக்கை மாற்றி முடிக்கும்வரை, தொகுத்து வழங்கிய பெண் தன் பள்ளிப் பருவம், தன் நாய் இவற்றையெல்லாம் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. பிறகு அந்த விதவைப் படத்தைப் புதுப்பித்துத் தரச் சொன்னார்கள். மேஸ்ட்ரோ புதுப்பித்தார். முன்பு பாதி முகம் இருட்டில் இருந்தது. இப்போது முழு முகமும் போய்விட்டது. நடித்த அம்மாள், வயதாகி, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தான் எந்த இடத்தில் வருகிறோம் என்று கேட்டார். அங்கேதான் இருக்கிறீர்கள், உணரத்தான் வேண்டும் என்று மேஸ்ட்ரோ சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இதையெல்லாம் கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய ஒரே மகள் நிவெஸ்.

நிவெஸ் வளர்ந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் இருக்கும், மெழுகுவத்தி இருக்கும், ஊத மட்டும் முடியாது. சுடரின் வெளிச்சம் குழந்தையின் கன்னத்தில் சரியாக விழ வேண்டுமே! திரையை மூடு, திற, பாதி மூடு, நாற்காலியைத் தள்ளு, யோலே அந்த வெள்ளைத் தட்டை இப்படிப் பிடி, குழந்தை மூச்சு விடாதே. மெழுகு ஒழுகி ஒழுகிக் கேக்கின்மேல் உறைந்து, சுடர் தானாக அணையும். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை, கேக் என்றாலே மெழுகு மணக்கும் ஒரு பண்டம் என்று அவள் நினைத்திருந்தாள். படமும் எடுத்தபாடில்லை. உலகத்து அழகிகளில் பாதிப் பேரை எடுத்த மனிதர், மகளோடு தான் இருக்கும் படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. பிறரை எடுக்கவிடவும் இல்லை. இந்த வெளிச்சத்திலா என்று கேட்பார். ரோமில் அப்பாவைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். சவேரியோவின் விஷயத்தில் அந்தச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தமே பொருந்தும் என்பது யோலேக்குத் தமிழ் தெரியாமலே தெரிந்திருந்தது.

நிவெஸ் ஒரு பல் டாக்டரைக் காதலித்தாள். பெயர் ருஜ்ஜேரோ. ஏன் இவன் என்று தோழிகள் கேட்டபோது, பொறுமைசாலி, சாதுவானவன் என்று ஏதேதோ சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. முதன்முதல் அவனிடம் பல் காட்டப் போனபோது, அவன் கையை நீட்டித் தலைக்குமேல் இருந்த விளக்கை ஒரே தட்டில் போட்டான். வெளிச்சம் வந்தது. உடனே வேலையை ஆரம்பித்தான். வெளிச்சம் வந்த உடனே ஒரு மனிதன் வேலையை ஆரம்பித்ததை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

கல்யாணம் நெமி என்ற மலையூரில், ஏரியைப் பார்த்த ஒரு சின்னக் கோயிலில், காட்டு ஸ்ட்ராபெரி பழுக்கும் காலத்தில் என்று முடிவாயிற்று. நிவெஸுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அப்பாவின் கையைப் பிடித்து நடக்க வேண்டும். அந்தச் சிறிது தூரமாவது அவர் வானத்தைப் பார்க்காமல் தன்னோடு வர வேண்டும். இதை அவள் கூச்சத்தை விட்டு நேராகவே கேட்டாள். அப்பாவாக வாங்க, மேஸ்ட்ரோவாக வர வேண்டாம், ஒரு விளக்குகூட வரக் கூடாது என்றாள். சவேரியோ கண் கலங்கினார். தன் கறுப்பு வில்லைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ஒரு விளக்குகூட வரவில்லை. நெல்லோவின் வேனிலிருந்து ஆளுயரக் கண்ணாடிகளும், இரும்புக் கால்களில் பொருத்திய வெள்ளைத் துணிச் சட்டங்களும் மட்டும் இறங்கின. யோலே கணவனைப் பார்த்தாள்.

"விளக்குதானே வேண்டாம்னா?" என்றார் சவேரியோ.

சாயங்காலக் கல்யாணம். ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. கோயிலுக்குள் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. ருஜ்ஜேரோ பீடத்தருகில் புதுச் சூட்டில், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவனைப் போல நின்றான். வாசலில் நிவெஸ் வெள்ளை உடையில் வந்து இறங்கினாள். அப்பா கையை மடித்து நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஆர்கன் முழங்கியது. சவேரியோ ஒரு காலை எடுத்துவைத்தார், சட்டென்று நின்றார், மூக்கை மேலே தூக்கினார். ஒரு மேகம் சூரியனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னும் இல்ல" என்றார்.

வாசலோரம் விருந்தாளிகளாக நின்றுகொண்டிருந்த நெல்லோவும் ஆட்களும் அந்தச் சொல்லைக் கேட்டார்கள். கல்யாணச் சூட்டு போட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது, வயிற்றுக்கு நினைவில்லை. ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, வறுத்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆர்கன் வாசித்தவர் மணப்பெண் நடந்துவரும் இசையை முடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி முடித்தார். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கழுத்து வலிக்கும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள்.

"அப்பா, போலாம்" என்றாள் நிவெஸ்.

"அந்த மேகத்தைப் பாரும்மா. ஏரிலேருந்து கிளம்பி இப்படி நகருது. அது அந்த மரத்தைத் தாண்டினதும் வாசல் வழியா ஒரு பாளமா வெளிச்சம் உள்ள விழும், நேரா பீடம்வரைக்கும். நீ அதுலதான் நடக்கணும். உனக்காகத்தான் சொல்றேன்."

அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்காகத்தான் காத்திருந்தார். இத்தனை வருடமும் அவர் வைத்திருந்த பிரியம் அவ்வளவும் அந்த மேகத்துக்குப் பின்னால் இருந்தது, கொஞ்சம் பொறுத்தால் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று அவர் மனமார நம்பினார். அவள் பொறுத்தாள். கைக்குள் அவர் கை சூடாக இருந்தது. அவர் முகம் மட்டும் மேலே இருந்தது.

அப்போது தெருவில் ஒரு கறுப்பு வண்டி மெல்ல ஏறி வந்து கோயிலுக்கு முன்னால் நின்றது. பங்குச் சாமியார் தொன் கஸ்பாரே அன்றைக்குக் கல்யாணத்தை முதலில் வைத்து, நடுவில் தான் ஒரு காப்பி குடிக்க நேரம் விட்டு, பின்னால் ஓர் அடக்கப் பூசை வைத்திருந்தார். காப்பி போயிற்று. அடக்கம் வந்துவிட்டது. இறந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒருநாளும் வண்டியைத் தாமதமாக எடுத்தவரில்லை என்று ஊரில் பெயர். நான்கு பேர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மணப்பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றார்கள்.

ஓக் மரத்தடியில் மெல்லுவது நின்றது. நெல்லோ எழுந்து ஓடிவந்து துணிச் சட்டத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு இரும்பைத் தேடினார்கள். கால்கள் போதவில்லை.

தொன் கஸ்பாரே உள்ளிருந்து வாசலுக்கு வந்தார். உடம்பில் கல்யாணத்துக்கான வெள்ளை அங்கி. கையில் மடித்த ஊதா அங்கி. பெண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டையும் விட்டுவிட்டு மேஸ்ட்ரோவிடம் நிதானமாகக் கேட்டார்:

"எதைப் போட்டுக்கட்டும் மேஸ்ட்ரோ, வெள்ளையா, ஊதாவா? நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

சவேரியோ ஊதாவைக் கண்டார். கை தானாக இரும்பைத் தேடியது. ஆனால் கலைஞன் கலைஞன்தான். அந்தத் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். ஊதா பெண்ணின் கன்னத்தில் அடிக்கிறதாம்.

பெட்டிக்குப் பின்னால் நின்ற விதவை முன்னால் வந்தாள். எர்சீலியா என்று பெயர், குட்டையான அம்மாள், கையில் கைக்குட்டை இருந்தது, கண்ணில் நீர் இல்லை. மேஸ்ட்ரோவின் மஃப்ளரை ஒருமுறை பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு இனிமே அவசரம் ஒண்ணுமில்ல, ஐயா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருப்பாரு. உங்க பொண்ணுக்கு அப்படியில்ல, பாருங்க."

சவேரியோ அந்த அம்மாளை வணங்கினார். அவருக்குக் காது கேட்காமலில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து மேகத்தின் ஓரம் பொன்னாகத் தொடங்கியிருந்தது.

நிவெஸ் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. சின்ன வயதில் அணைந்த மெழுகுவத்தியைப் பார்த்ததுபோல அவரைப் பார்த்தாள்.

"வெளிச்சம் வந்ததும் வாங்கப்பா. நான் போறேன்."

பாவாடையைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆர்கன்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அதனால் இசை இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். மங்கலாக இருந்த நடைபாதையில் மணப்பெண் தனியாக வருவதைப் பார்த்துக் கோயில் பேச்சை நிறுத்தியது. பீடத்தருகில் நின்ற ருஜ்ஜேரோ, மாப்பிள்ளை அசையக் கூடாது என்ற வழக்கத்தை மறந்து, பாதி வழிவரை இறங்கி வந்தான். இருட்டாயிருக்கே என்று ஒரு பேச்சு பேசவில்லை. கையைக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து மீதி தூரத்தை நடந்தார்கள். தொன் கஸ்பாரே பெட்டியை ஓரமாக ஒதுக்கச் சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் பீடத்துக்குப் போனார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சவேரியோ சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. மேகம் மரத்தைத் தாண்டியது. ஏரியின்மேலிருந்து வெளிச்சம் புறப்பட்டு, நெல்லோவின் கண்ணாடிகளில் பட்டு, வெள்ளைத் துணிகளில் மெத்தென்று ஆகி, வாசல் வழியாக ஒரே பாளமாக உள்ளே விழுந்தது. அவர் வாழ்நாளில் அதைப் போல ஒரு வெளிச்சம் வந்ததில்லை. தூசிகூடப் பவித்திரமாக இருந்தது. நடைபாதையில்தான் யாரும் இல்லை. அந்தப் பாளத்தின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு நீள நிழல் கிடந்தது. வாசலில் ஆரம்பித்து, பெஞ்சுகளுக்கு நடுவே ஊர்ந்து, பீடத்தருகில் நின்ற மணப்பெண்ணின் முதுகில் போய் முடிந்தது. சவேரியோ அதைப் பார்த்தார். தொழில்முறையில் பதறிப்போனார். அது யார், அந்த ஆளை விலகச் சொல் என்று நெல்லோவைப் பார்த்துக் கையசைத்தார். நிழலும் கையசைத்தது.

இரும்புக் காலை விடாமல் பிடித்தபடி நெல்லோ சொன்னார்:

"நீங்கதான் மேஸ்ட்ரோ மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

பிறர் நிழலை விலக்கியே பெயர் வாங்கிய மனிதரிடம் இதைச் சொல்ல அதுவரை யாருக்கும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. அவர் விலகினார். விலகிய இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் தங்கியது, பிறகு ஏரிக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளே மோதிரம் மாற்றிய ஆரவாரம் கேட்டது. மணமக்கள் வெளியே வந்தபோது எல்லாரும் அரிசி எறிந்தார்கள், சவேரியோவும் எறிந்தார். பெட்டி உள்ளே போயிற்று. தொன் கஸ்பாரே அங்கியை மாற்றிக்கொண்டார்.

அந்தக் கல்யாணத்தில் உருப்படியாகத் தேறிய படம் ஒன்றுதான். நெமியில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஒரு கடைக்காரரை ருஜ்ஜேரோவின் தாயார் யாரிடமும் கேட்காமல் கூப்பிட்டிருந்தார். அவர் பீடத்தருகில் நின்று, எதற்கும் காத்திராமல், நேர் எதிரே மணமக்களின் முகத்தில் ஃப்ளாஷ் அடித்தார். நிவெஸும் ருஜ்ஜேரோவும் மாவு பூசியதுபோல வெளுத்து, கண் சிவந்து, பல் தெரியச் சிரிக்கிறார்கள். பின்னால் வெகு தூரத்தில், வாசல் வெளிச்சத்தில், கறுப்பாக ஓர் உருவம். முகம் இல்லை. அப்பாவும் மகளும் சேர்ந்திருக்கும் ஒரே படம் அதுதான். நிவெஸ் அதைச் சட்டம் போட்டு, ருஜ்ஜேரோவின் பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டிவைத்தாள்.

சில மாதம் கழித்து, கடைவாய்ப் பல்லை நாளை பார்க்கலாம் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக் கன்னம் வீங்கிய பிறகு, சவேரியோ அங்கே வந்து உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். கறுப்பு வில்லையை எடுத்துக் கண்ணில் வைத்தும் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை, அவ்வளவுக்கு வலி.

"பின்னாடி நிக்கிறது யாரு?"

"நீங்கதான்ப்பா" என்றாள் நிவெஸ்.

"மூஞ்சியே தெரியலையே. கொஞ்சம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பொறுத்துப் பாத்துட்டோம்ப்பா."

அவர் முறை வந்தது. உள்ளே போய்ச் சாய்ந்தார். ருஜ்ஜேரோ கையை நீட்டித் தலைக்குமேல் இருந்த விளக்கை ஒரே தட்டில் போட்டான். மேலேயிருந்து நேராக, வெள்ளை வெளேரென்று, நிழலே இல்லாமல், உலகத்திலேயே சவேரியோவுக்குப் பிடிக்காத வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நிவெஸ் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம்மிடம் காமிராவும் இல்லை, மஃப்ளரும் இல்லை, இது இத்தாலிக்காரன் வியாதி என்கிறீர்கள். நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நடுவில் வைத்து, யாரும் கை வைக்காதீங்க என்று அதட்டி, போனைத் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறியவர் யார்? விருந்தாளிக்கென்று வாங்கிய பீங்கான் தட்டுகள் அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வந்ததுண்டா? அண்ணனோடு பேச்சு விட்டுப் போய், ஒரு நல்ல நாள் வரட்டும் பேசலாம் என்று எத்தனை நல்ல நாள்களை அனுப்பிவைத்தீர்கள்? சரி, அதெல்லாம் போகட்டும். இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். 'இப்ப வேண்டாம், சாப்பாடு முடியட்டும், சாவகாசமாச் சொல்லலாம்' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருக்கும். அந்தக் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சுத்தமான ரோமாபுரி உச்சரிப்பு.